குறைந்த தினச் செலவில் அயல்நாட்டுப் பயணம்: வாசகர் கேள்வி, பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் அவற்றை ஒட்டிய தமிழ்நாட்டு எல்லை ஊர்களிலிருந்தும் வந்துள்ளன. சுற்றுலா நிறுவனங்களின் தொகுப்புப் பயணத்தில் சேராமல், முதுகுப்பை ஒன்றுடன் தாமாகவே வெளிநாடு சென்றுவர விரும்புவோர் கேட்டவை என்பதால் அவற்றுக்கு ஒரே இதழில் விடையளிக்கிறேன். கட்டணங்களும் விசா விதிகளும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வாரம் விடுப்புக் கிடைக்கும். விமான டிக்கெட்டும் விசாவும் நீங்கலாக ஒரு நாளைக்கு 1,500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க என்னால் இயலாது. இந்தத் தொகை போதுமா? எந்த நாடு ஏற்றது?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: போதும். ஆனால் எந்த நாடு என்பதோடு எந்த வேகம் என்பதையும் சேர்த்தே நீங்கள் முடிவு செய்ய வேண்டும். சிக்கனம் என்றவுடன் பலரும் முதலில் வயிற்றில்தான் கைவைக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அப்படி மிச்சம் பிடித்த பணத்தை மறுநாள் அடுத்த ஊருக்குப் போகும் பேருந்தில் கொட்டுகிறார்கள். தினச் செலவைத் தீர்மானிப்பது, மூன்று வாரத்தில் எத்தனை முறை பையைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுகிறோம் என்பதுதான்.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வியட்நாமை எடுத்துக்கொள்வோம். பலர் சேர்ந்து தங்கும் டார்மிட்டரி அறையில் ஒரு படுக்கை 500 ரூபாய், மூன்று வேளை உணவு 450, தண்ணீரும் காப்பியும் 100, உள்ளூர்ப் பேருந்துக்கு 100 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,150 ரூபாய் ஆகிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் பேருந்துக்கு 900 ரூபாய் என்று கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊர் மாறினால் நாளொன்றுக்கு 450 ரூபாய் கூடி, மொத்தம் 1,600 ஆகிவிடும். உங்கள் வரம்பு அங்கேயே உடைந்துவிடும். ஐந்து நாளுக்கு ஒருமுறை மாறினால் 180 ரூபாய்தான் கூடும், மொத்தம் 1,330. மிஞ்சும் 170 ரூபாய் இருபது நாளில் 3,400 ரூபாயாகச் சேரும். சாப்பாட்டில் ஒரு ரூபாயும் குறைக்காமல் கிடைத்த பணம் அது.

அந்த 3,400 ரூபாய்க்கு வேலை இருக்கிறது. சிக்கனப் பயணிகள் பெரும்பாலும் மறந்துவிடும் செலவு நுழைவுக் கட்டணம். வியட்நாமின் ஹொய் ஆன் பழைய நகருக்கு 1,20,000 டோங் (அந்நாட்டு நாணயம்), மி சோன் கோயில்களுக்கு 1,50,000 டோங், ஹுவே அரண்மனைக் கோட்டைக்கு 2,00,000 டோங் என்ற அளவில் வெளிநாட்டவரிடம் வசூலிக்கிறார்கள். மூன்றையும் கூட்டினால் நம் பணத்தில் ஏறத்தாழ 1,600 ரூபாய் வரும். கம்போடியாவின் அங்கோர் வாட் வளாகத்துக்கு ஒருநாள் சீட்டே 37 டாலர். அது உங்களுக்கு இரண்டு நாள் செலவு. ஆயினும் அங்கு செல்வதானால் 62 டாலர் கொடுத்து மூன்று நாள் சீட்டாகவே எடுங்கள். அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்பதால், இடையிடையே ஓய்வெடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க முடியும். பயணத்துக்குக் காரணமான இடத்தின் வாசலில் நின்றுகொண்டு கட்டணத்தைப் பார்த்துத் திரும்பிவருவதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வருவாய்க்கும் விடுப்புக்கும் நான் பரிந்துரைப்பது நடு வியட்நாம். கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் இயங்கிவருகிறது. இ-விசாவுக்கு ஒருமுறை நுழைய 25 டாலர். 2023 ஆகஸ்ட் முதல் அது 90 நாள் வரை செல்லும். அரசின் இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இதைவிடப் பல மடங்கு கேட்கும் என்பதால் முகவரியைக் கவனமாகப் பாருங்கள். ஹோ சி மின் நகரில் சில நாள் தங்கியபின் ரயிலில் டா நாங் சென்றுவிட்டால், ஹொய் ஆன் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், ஹுவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். டா நாங்குக்கும் ஹுவேக்கும் இடையே ஹாய் வான் கணவாயைச் சுற்றிக் கடலோரமாகச் செல்லும் ரயில் பாதை, மலிவான சீட்டில் கிடைக்கும் அரிய காட்சி.

மி சோன் பற்றித் தனியே ஒரு சொல். நடு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை சிவனுக்கு எழுப்பிய செங்கற் கோயில்கள் அங்கே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நிற்கின்றன. வியட்நாம் போரில் குண்டுவீச்சால் பல இடிந்தன. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல் ஒற்றைக் கல்லாலான பழைய சிவலிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. தமிழ் வாசகர் ஒருவர் அங்கே அரை நாளாவது செலவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

காலத்தையும் கவனியுங்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடு வியட்நாமில் கனமழையும் வெள்ளமும் வழக்கம். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டின்போது கடைகள் அடைத்திருக்கும், பேருந்துக் கட்டணம் ஏறும். அதற்குப் பிந்தைய பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் ஏற்றவை. விஷுவுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் விடுமுறை கிடைக்கிறதே என்று ஏப்ரல் நடுவில் தாய்லாந்துக்குக் கிளம்புபவர்களுக்கும் இதையே சொல்வேன்: அதே நாள்களில்தான் அவர்களுக்கும் சோங்கிரான் புத்தாண்டு, ஆதலால் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம்.

இறுதியாக, பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள். டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவை புறப்படும் முன்பே தீர்ந்துவிடும் செலவு. இரண்டாவது, தினச் செலவு. மூன்றாவது, எக்காரணத்தைக் கொண்டும் தொடாத பணம்; எந்த ஊரிலிருந்தும் அன்றைக்கே டிக்கெட் எடுத்து வீடு திரும்பும் அளவுக்கு அது இருக்க வேண்டும். இந்த மூன்றாவது தொகை சேரும் வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: எங்களுக்குத் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, கொச்சி என்று நான்கு விமான நிலையங்களும் எட்டும் தொலைவில் உள்ளன. எதில் ஏறினால் செலவு குறையும்?
(வாசகர், செங்கோட்டை)

பதில்: டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டால் விடை தவறாகிவிடும். வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரையிலான பேருந்துச் செலவையும் திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோலாலம்பூருக்குத் திருவனந்தபுரம், கொச்சி, திருச்சி மூன்றிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. திருச்சியில் ஆயிரம் ரூபாய் மலிவாகத் தெரியலாம். ஆனால் திரும்பும் விமானம் இரவு வெகுநேரம் கழித்து இறங்கினால் செங்கோட்டைக்கு வர விடியும் வரை காத்திருக்கவோ கார் பிடிக்கவோ நேரும், மிச்சப்படுத்திய ஆயிரமும் அதிலேயே கரைந்துவிடும். வெளிநாட்டில் இறங்கும் நேரத்துக்கும் இதே கணக்குதான். நகரப் பேருந்தும் மெட்ரோவும் ஓடும் நேரத்தில் இறங்கும் விமானத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஓணம், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை ஆகிய காலங்களில் கேரள விமான நிலையங்களிலிருந்து கட்டணம் ஏறிவிடும்.

மலிவு விமான நிறுவனங்களில் கைப்பை 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஏர் ஏசியா போன்றவை 56, 36, 23 சென்டிமீட்டர் என்று அளவும் வைத்திருக்கின்றன. 40 லிட்டருக்கு மேற்பட்ட பை இதற்குள் அடங்காது. கவுன்டரில் எடை கூடினால் கேட்கும் பணம், வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டும் கட்டணத்தைவிட மிக அதிகம். இரண்டு கால்சட்டை, நான்கு மேல்சட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு போதும். துவைத்துத் துவைத்து உடுத்தலாம்.

நம் மக்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். டிக்கெட்டிலும் இ-விசா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் உள்ளதோ அதன்படியே எழுதுங்கள். ஆதாரில் உள்ளபடி தலைப்பெழுத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் திருத்தக் கட்டணம் கட்டுபவர்கள் பலர். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் வருகை விசாவில் கட்டுப்பாடு விதித்துள்ளதால், துபாய் வழியாகச் செல்ல எண்ணுபவர்கள் முன்னதாகவே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: ரொக்கமாகக் கொண்டுபோவதா, கார்டா? எங்கள் பகுதியில் வளைகுடாவிலிருந்து வருபவர்கள் ரொக்கமே நல்லது என்கிறார்கள்.
(வாசகர், களியக்காவிளை)

பதில்: இரண்டும் வேண்டும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துச்செல்ல ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில், விமான நிலையத்துக்குப் போகும் முன்பே, ரசீதுடன் வாங்கிக்கொள்ளுங்கள். கிழியாத, எழுத்துப் படாத, மடிப்புக் குறைந்த டாலர் நோட்டுகளாகக் கேளுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் சிறு கிழிசல் உள்ள நோட்டையும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

கார்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம்தான் அதிகம். பல வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்றரை சதவீதமும் அதன்மேல் வரியும் பிடிக்கிறார்கள். இந்தக் கூடுதல் கட்டணம் இல்லாத கார்டுகளும் கிடைக்கின்றன, தேடி வாங்குங்கள். தாய்லாந்தில் ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் அங்குள்ள வங்கி ஏறத்தாழ 220 பாட் பிடித்துக்கொள்ளும். நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல். நூறு நூறாக எடுப்பவருக்கு ஒரு நாள் படுக்கைக் கூலி ஒவ்வொரு முறையும் போய்விடும். எனவே வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து எடுங்கள். ஏடிஎம் திரையிலும் கடைக் கருவியிலும் “இந்திய ரூபாயில் கணக்கிடட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாயில் மாற்றும்போது அவர்கள் வைக்கும் விகிதம் நமக்குப் பாதகமானது.

வெளிநாட்டுப் பயன்பாடு நம் கார்டுகளில் இயல்பாக அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்துவையுங்கள். ஓடிபி வருவதற்காக ஊர் எண்ணின் சிம் வேலை செய்யும்படி வைத்திருங்கள். நேபாளம், இலங்கை, பூட்டான், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் குறிப்பிட்ட கடைகளில் யுபிஐ செல்லும். கார்டு இரண்டாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். வெளியில் சாப்பிட்டால் செலவும் கூடுகிறது, மீன் வாடையும் தாங்கவில்லை என்கிறார்கள். சமைத்துச் சாப்பிட வழியுண்டா?
(வாசகி, வேலந்தாவளம்)

பதில்: பேக்பேக்கர்கள் எனப்படும் முதுகுப்பைப் பயணிகள் தங்கும் ஹாஸ்டல்கள் பலவற்றில் பொதுச் சமையலறை உண்டு, முன்பதிவு செய்யும்போது அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி எங்கும் கிடைக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல் ஆகியவை கையில் இருந்தால் காலையையும் இரவையும் அறையிலேயே முடித்துக்கொண்டு, மதியம் மட்டும் வெளியில் சாப்பிடலாம். பொடிகளைப் பெயர் ஒட்டிய, அடைத்த பொட்டலமாகக் கொண்டுசெல்லுங்கள். கசகசாவை எடுத்துச்செல்லவே வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

வியட்நாமில் “சாய்” என்று பலகை வைத்த கடைகள் பௌத்தர்களின் சைவ உணவகங்கள். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் அங்கே கூட்டம் நிறையும். தாய்லாந்தில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் “ஜே” என்று எழுதியிருக்கும். இவ்விரண்டிலும் மீன் சாறு சேராது. குருத்துவாராக்களில் யார் வந்தாலும் உணவு உண்டு; பாங்காக்கின் பாகுராட் பகுதியிலும் பெரிய குருத்துவாரா இருக்கிறது. அங்கே சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் அதையே தினச் செலவைக் குறைக்கும் உத்தியாக வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. சாப்பிட்ட அன்று பாத்திரம் கழுவும் சேவையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58, மனைவிக்கு 54. விமானத்தில் ஏறாமலே நேபாளம் போய் முக்திநாத்தைத் தரிசிக்க ஆசை. பாஸ்போர்ட் இல்லை. இருவருக்கும் நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்குள் முடியுமா?
(வாசகர், கம்பம்)

பதில்: முடியும். நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா இல்லை. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை போதும். ஆதார் அட்டையை நம்பிச் செல்லாதீர்கள். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு அது பயண ஆவணமாக ஏற்கப்படுவதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து கோரக்பூர் செல்லும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் எர்ணாகுளத்திலோ கோவையிலோ ஏறினால் மூன்றாம் நாள் கோரக்பூர் சேரலாம். தினசரி ரயில் அல்ல. கிழமை பார்த்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்குப் பேருந்து உண்டு. வாளையாற்றிலும் குமுளியிலும் எல்லை தாண்டிப் பழகிய நமக்கு அந்த எல்லையும் வியப்பளிக்காது, நடந்தே கடக்கலாம். எல்லைக்கு அப்பால் புத்தர் பிறந்த லும்பினி அருகிலேயே இருக்கிறது. பல நாட்டு பௌத்த மடங்கள் உள்ள அந்த வளாகத்தில் கொரிய மடத்தில் சிறு தொகைக்குத் தங்க இடமும் உணவும் தருவார்கள். மூன்று நாள் ரயில் அலுப்புக்கு அங்கே இரண்டு இரவு தங்குவது உடம்புக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

நம் 100 ரூபாய் நேபாளத்தில் 160 ரூபாய். இது நிலையான விகிதம் என்பதால் மாற்றுபவரிடம் பேரம் தேவையில்லை. கடையில் விலை கேட்டால் “ஐசியா, என்சியா?” என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள், முன்னது இந்திய ரூபாய், பின்னது நேபாள ரூபாய். இதைக் கேட்காமல் நூறு என்றதும் நம் நூறு ரூபாயை நீட்டினால், 62 ரூபாய் 50 காசுப் பொருளுக்கு நூறு கொடுத்தவர் ஆவீர்கள். பெரிய இந்திய நோட்டுகள் தொடர்பான விதி பலமுறை மாறியிருப்பதால் 100 ரூபாய்க் கட்டுகளாகக் கொண்டுசெல்வதே நிம்மதி.

முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம் அது. நேபாளத்தின் போகரா நகரிலிருந்து ஜோம்சோம் வழியாகப் பேருந்திலும் ஜீப்பிலும் செல்லலாம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவராகிய நமக்கு 1,000. மலைநடைக்குச் செல்வதானால் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்திருக்கிறது.

உங்கள் வயதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: போகராவிலிருந்து ஒரே நாளில் மேலேறாதீர்கள். 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோம்சோமில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஏறித் தரிசனம் முடித்து அன்றே கீழிறங்குங்கள். தலைவலியும் குமட்டலும் மூச்சிரைப்பும் வந்தால் அறைக்குக் கொடுத்த பணத்தை நினைக்காமல் உடனே இறங்கிவிட வேண்டும். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்பே டிக்கெட் எடுங்கள். காத்மாண்டு செல்ல நேரம் இருந்தால் பசுபதிநாதர் கோயிலுக்குப் போங்கள். அங்கே கருவறைப் பூசை செய்யும் பட்டர்கள் தென்னிந்தியாவிலிருந்து செல்பவர்கள்.

கேள்வி: எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள் நான். இப்போது கோட்டயத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். தனியாக ஒரு நாட்டையாவது பார்த்துவர வேண்டும் என்பது நெடுநாள் கனவு. அம்மாவும் அப்பாவும் பயப்படுகிறார்கள். குறைந்த செலவில் பத்து நாள் பாதுகாப்பாகப் போய்வர முடியுமா?
(வாசகி, வண்டிப்பெரியார்)

பதில்: முடியும், சகோதரி. உங்கள் சம்பாத்தியத்தில் உங்கள் கனவை நிறைவேற்றிக்கொள்வதில் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெற்றோரின் பயத்தைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் பயணத்துக்கு மலேசியாவைச் சொல்வேன். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாத நுழைவு 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டுள்ளது. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எண்ணிம (டிஜிட்டல்) வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். வழி கேட்கவும் உதவி கேட்கவும் தமிழ் போதும் என்னும் இடங்கள் அங்கே நிறைய. உங்களைப் போலவே தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் வந்தவர்கள் கட்டிய வாழ்க்கை அது. ஈப்போவிலும் பினாங்கிலும் நீங்கள் பேசும் தமிழைக் கேட்டதும் உங்கள் ஊரை விசாரிப்பார்கள்.

கோலாலம்பூர், ஈப்போ, ஜார்ஜ் டவுன் என்று மூன்றே ஊர். முதல் இரண்டும் ரயிலில் இணைந்தவை. பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு, ரயிலில் பட்டர்வொர்த் வரை சென்று இறங்கிப் படகில் போகலாம். பத்து மலை முருகன் கோயிலுக்குக் கோலாலம்பூரிலிருந்து சில ரிங்கிட் சீட்டில் ரயில் உண்டு. வியட்நாமைவிடப் படுக்கைக் கூலி கூடுதல் என்பதால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி அறை பல ஹாஸ்டல்களில் கிடைக்கும். கலப்பு அறையைவிடச் சிறிது விலை கூடினாலும் அதையே எடுங்கள். புதிய ஊரில் பகல் வெளிச்சத்தில் இறங்கும்படி ரயிலையும் பேருந்தையும் தேர்ந்தெடுங்கள். இரவுப் பேருந்து ஒரு நாள் படுக்கைக் கூலியை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் அது விடியற்காலை நான்கு மணிக்கு ஆளில்லாத நிறுத்தத்தில் இறக்கிவிடும் என்பதும் உண்மை. இருட்டியபின் வெளியே செல்ல நேர்ந்தால் கிராப் செயலியில் வண்டி அழையுங்கள். கட்டணம் முன்பே தெரியும், ஓட்டுநரும் வண்டி எண்ணும் பதிவாகும். அந்தச் செலவைத் தினக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவையுங்கள். அப்படி ஒதுக்கினால்தான் “இன்றைய வரம்பு முடிந்துவிட்டது, நடந்தே போய்விடலாம்” என்ற எண்ணம் வராது.

பெற்றோரிடம் பாஸ்போர்ட் நகல், டிக்கெட், தங்குமிட முகவரி, இந்தியத் தூதரகத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்கு அழைப்பேன் என்று ஒரு நேரம் சொல்லிவிட்டு அதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். நான்காம் நாளிலிருந்து அம்மாவின் குரலே மாறியிருக்கும்.

கேள்வி: சுற்றுலா விசாவில் தாய்லாந்து போனால் அங்கே கணினியில் தகவல் பதிவு செய்யும் வேலை கிடைக்கும், சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, பயணச் செலவும் திரும்பிவிடும் என்று ஒரு முகவர் சொல்கிறார். போகலாமா?
(வாசகர், மூணாறு)

பதில்: போகாதீர்கள். சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது சட்டவிரோதம் என்பதைவிடப் பெரிய ஆபத்து இதில் உள்ளது. இத்தகைய வார்த்தைகளை நம்பிச் சென்ற இளைஞர்கள் தாய்லாந்தின் மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும் கும்பல்களிடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து அடைபட்டுக் கிடந்தார்கள். 2025 மார்ச்சில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுவர வேண்டியிருந்தது. கம்போடியா, லாவோஸ் நாடுகளைப் பற்றியும் இந்திய அரசு இதே எச்சரிக்கையை விடுத்திருக்கிறது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். கேரளத்தில், வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்திலும் தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையிலும் விசாரிக்கலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அவர்கள் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். உண்மையிலேயே சுற்றிப் பார்க்கச் செல்பவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் செலவுக்கான பணமும் காட்டினால் போதும். ஹாஸ்டலில் வேலை செய்தால் இலவசப் படுக்கை என்ற ஏற்பாட்டையும் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. படுக்கைக் கூலியை மிச்சப்படுத்தப் போய் நாடு கடத்தப்பட வேண்டாம்.

கேள்வி: பயணக் காப்பீடு அவசியமா? இருபது நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். வாடகை பைக்கில் சுற்றத்தான் எண்ணம்.
(வாசகர், ஆரியங்காவு)

பதில்: அவசியம். ஒரு நாள் செலவுக்கும் குறைவான தொகையில் மருத்துவமனைச் செலவுக்கு ஏற்பாடு கிடைக்கிறது என்றால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆனால் பைக்கில் சுற்றும் எண்ணம் இருப்பதால் காப்பீட்டின் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் தருவதில்லை. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆனது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியானதை மட்டுமே. ஆகவே அங்கே யாரேனும் உரிமம் கேட்காமல் பைக் வாடகைக்குக் கொடுத்தாலும், சட்டத்தின் பார்வையிலும் காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையிலும் நீங்கள் உரிமமின்றி ஓட்டுபவர்தான். தாய்லாந்தில் 1949 அனுமதி செல்லும். ஆயினும் அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இருக்கிறதா, நீங்கள் எடுக்கும் காப்பீடு பைக் விபத்தையும் ஏற்கிறதா, எத்தனை சிசி வரை ஏற்கிறது என்று மூன்றையும் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். நகலும் முன்பணமும் மட்டும் கொடுத்து, வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களை எல்லாம் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.